பழைய காரில் மலை இறங்கும்போது

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வருத்தம், பிரஷர், மூட்டுவலி என்று ஏதாவது பேசுவார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். செயலாளர் அக்காவும் அதைத்தான் கேட்டார். எங்கள் வகுப்புக்காரர் நால்வரும் கூடி யோசித்தோம். சீனியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நூறு வைத்தியர்கள் இருக்கிறார்கள். இன்று காலை நம் வாசலில் வரிசையாக நின்ற வாகனங்களைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை. நாங்கள் படித்த காலத்தில் இந்த வாசலுக்குக் கார் வந்தால், கல்விக் கந்தோரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று நோட்டுப் புத்தகங்களை அடுக்கிவைப்போம். இன்று நின்றவற்றில் பாதிக்கு மேல் நம் பெண்களே ஓட்டி வந்தவை. அவற்றில் பல, அந்தப் பெண்களின் பிள்ளைகளைவிட வயதில் மூத்தவை.

அதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. தொடங்கிய பிறகும் விலையைக் கேட்டால் எங்களுக்கே பிரஷர் ஏறுகிறது. ஆகவே அப்பா ஓட்டிய கார், மாமா விற்ற கார், கொழும்பில் மூன்று கை மாறி மலைக்கு ஏறி வந்த கார் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறோம். எங்களுடையது ஒரு பழைய நிஸான் சன்னி. சன்னியில் ஒரு வகையை நம் நாட்டில் ‘டொக்டர் சன்னி’ என்று சொல்லியே விற்பார்கள். பேரைக் கேட்டுத்தான் வாங்கினீர்களா என்று வாட்டில் தாதிமார் கேலி செய்வதுண்டு.

அந்தக் காரில் ஏ.பி.எஸ். கிடையாது. ஏ.பி.எஸ். என்றால், பிரேக்கைப் பலமாக மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஓர் உணரி பார்த்துக்கொண்டிருக்கும். எது பூட்டப்போகிறதோ அதற்குப் போகும் பிரேக் அழுத்தத்தை ஒரு செக்கனுக்குப் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கும். ஜெர்மனியில் பொஷ் நிறுவனம் செய்த மின்னணு ஏ.பி.எஸ். 1978இல் மேர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்தது. இந்தியாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். நம் வாசலில் நிற்பவை பல அதற்கு முந்தியவை. அவற்றில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது நம்முடைய கால்.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் நுவரெலியாவில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் மகள் சடங்குக்குப் போய்விட்டு நால்வரும் இந்தச் சன்னியில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியது வைத்தியர், அதாவது இப்போது ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவர். இறம்பொடை தாண்டி, கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தெரியும் பக்கம் வந்துவிட்டோம். ஒரு கிழமையாக வெயில் காய்ந்த பாதையில் அப்போதுதான் தூறல் விழத் தொடங்கியிருந்தது. ஒரு முடக்கு திரும்பினால், பாதையின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு முச்சக்கரவண்டி. பின்சீட்டில் வெள்ளைச் சீருடையில் இரண்டு பிள்ளைகள்.

பிரேக்கை மிதித்தோம். மிதித்தோம் என்றால், நால்வருமே மிதித்தோம். ஓட்டாதவர்களின் காலும் தன்பாட்டில் தரையில் அமுங்கியது. டயர் கீச்சென்று கத்தியது, கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்தும் கார் திரும்பவில்லை. சக்கரங்கள் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, கார் நேராக அந்தப் பிள்ளைகளை நோக்கிச் சறுக்கிக்கொண்டே போனது. அந்த நேரத்தில் கலியாண வீட்டுக்குப் போட்டுப்போன புதுச் செருப்பு பெடலில் வழுக்கி, கால் பிரேக்கை விட்டு விலகியது. உடனே சக்கரங்கள் உருண்டன, டயர் பாதையைப் பிடித்தது. ஸ்டியரிங் முழுக்க ஒடிந்து இருந்ததால் கார் வெடுக்கென்று வலப்பக்கம் பாய்ந்து, பாதையைக் குறுக்கே கடந்து, மலைப்பக்கக் கானில் போய் இறங்கியது. எதிரே வாகனம் வரவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம், ஓட்டியவரின் திறமை அல்ல.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முச்சக்கரவண்டிக்காரர் இறங்கி வந்து, “என்னாங்க டொக்டரம்மா, நீங்களே இப்புடி வாறீங்க” என்றார். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த தோழிக்கு நாடி கிழிந்து மூன்று தையல். தையல் போட்டதும் காரை ஓட்டியவரேதான். அந்தத் தழும்பு இன்று இரண்டாம் வரிசையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்த பிறகுதான் உறைத்தது: எங்களைக் காப்பாற்றியது பிரேக்கை மிதித்தது அல்ல, விட்டது. உயர்தர வகுப்பில் பௌதிகவியல் மிஸ் படிப்பித்த உராய்வுப் பாடம் அது. ஞாபகமிருக்கிறதா? மண்டபத்து அலுமாரியை நகர்த்தச் சொல்வார். அசையத் தொடங்கும் மட்டும் மூச்சு வாங்கும், அசைந்தபின் இலேசாகச் சறுக்கிக்கொண்டு போகும். நிலையாக நிற்கும் பொருளுக்கு உராய்வு கூட, சறுக்கும் பொருளுக்குக் குறைவு என்பார். உருளும் டயரின் அடிப்பாகம் பாதையைத் தொடும் அந்தக் கணத்தில் நிலையாக நிற்கிறது, பாதம் ஊன்றிய மாதிரி. பூட்டிய டயர் சறுக்கும் அலுமாரி. அதற்கு நிறுத்தும் வலுவும் குறைவு, திசை திருப்பும் வலு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அலுமாரிக்குப் பக்கம் ஏது?

எங்கள் அம்மாமார் பலர் கொழுந்தெடுத்தவர்கள். மழையில் கொழுந்து மூட்டையோடு மலை இறங்குவதைப் பார்த்திருக்கிறோம். உடம்பு கொஞ்சம் பின்னே சாயும், அடி சின்னதாக விழும், ஒவ்வொரு காலும் ஊன்றிய பிறகுதான் அடுத்தது எழும். சறுக்கிவிட்டுப் பிறகு சமாளிக்கலாம் என்று யாரும் இறங்குவதில்லை. வேகத்தை இறக்கத்தின் தலையிலேயே அடக்கிக்கொள்வார்கள். இன்று நாங்கள் சொல்ல வந்ததில் முக்கால் பங்கு இதுதான். ஏ.பி.எஸ். இல்லாத காரை ஓட்டத் தெரிவது என்றால் பாதிச் சறுக்கலில் வித்தை காட்டத் தெரிவது அல்ல. முடக்குக்கு முன்பே, கார் நேராகப் போகும்போதே, வேகத்தைக் குறைத்துக் கியரையும் மாற்றி, காலைப் பிரேக்கிலிருந்து எடுத்த நிலையில் முடக்குக்குள் நுழைவது. டயரிடம் இருக்கும் பிடி ஓரளவுதான். நிறுத்தவும் திருப்பவும் அதைத்தான் பங்குபோட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் முழுசாகக் கேட்டால் இரண்டும் கிடைக்காது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம், கணித மிஸ்ஸும் வந்திருக்கிறார். ஈரப் பாதை, சுமாரான டயர், உராய்வுக் குணகம் 0.4 என்று வைப்போம். 40 கிலோமீற்றர் வேகத்தில் சமதரையில் பிரேக் பிடித்தால் நிற்க 16 மீற்றர் போதும். அதே காரைப் பத்துக்கு ஒன்று இறங்கும் சரிவில் விட்டால் 21 மீற்றர். கண் பார்த்துக் கால் மிதிக்க ஒரு செக்கன் போனால் அதற்கே இன்னும் 11 மீற்றர், ஆக 32. வேகம் 60 ஆனால்? ஒன்றரை மடங்கு வேகம், ஒன்றரை மடங்கு தூரம் என்று நினைக்கத் தோன்றும். வருவது 47 மீற்றரும் 17 மீற்றரும், மொத்தம் 64. ஆறு பஸ்களை வரிசையாக நிறுத்திய நீளம் அது. நம் பாதையில் ஆறு பஸ் நீளத்துக்கு நேராகத் தெரியும் இடங்கள் எத்தனை என்று போகும்போது பார்த்துக்கொண்டு போங்கள்.

அந்த ஒரு செக்கனும் விழிப்பான ஆளுக்குத்தான். இரவுக் கடமை முடித்து, தூங்காமல், காலை எட்டு மணிக்குக் காரை எடுக்கும் வைத்தியருக்கும் தாதிக்கும் அது நீளும். எங்கள் தொழிலில் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிபவர்கள் இருக்கிறார்கள். நாங்களும் சொல்லியிருக்கிறோம். இப்போது கடமை அறைக் கட்டிலில் ஒரு மணித்தியாலம் படுத்துவிட்டுத்தான் சாவியை எடுக்கிறோம்.

அடுத்தது கியர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். கம்பளை 500 மீற்றருக்கும் கீழே. ஆட்களோடு 1,100 கிலோ உள்ள ஒரு கார் அதில் 1,000 மீற்றர் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி 30 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். லயத்துக் கலியாணத்தில் தேத்தண்ணிக்கு வைக்கும் அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சச் சூடு எங்கே போவது? பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் அவ்வளவும் பேட்டுக்கும் லைனருக்கும் டிரம்முக்கும் போகிறது. சூடு ஏற ஏற அவற்றின் பிடி தளர்கிறது. குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்கிறது, சூடு அந்தப் பக்கம் போய்விடுகிறது. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய லொறிக்காரர்கள் சொல்வார்கள். பழைய கார்களுக்கு அது இன்றும் பொருந்தும். ஓட்டோ கியர் உள்ளவர்கள் ‘டி’யிலேயே இறங்காமல் ‘2’க்கோ ‘எல்’லுக்கோ மாற்றுங்கள். அந்த எழுத்துகள் அலங்காரத்துக்கு இல்லை.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் அட்டைக்குக் கிடைத்த சில லீற்றரை இழுத்துப் பிடிக்க, இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் பலரிடம் ஒட்டிக்கொண்டது. எங்களிடமும் ஒட்டியது. எஞ்சினையே அணைத்து இறங்கியவர்களையும் கண்டோம். அணைத்தால் பிரேக்குக்கு வலுச்சேர்க்கும் செர்வோ ஓரிரண்டு மிதிக்கு மேல் வேலை செய்யாது, பெடல் கல்லாகிவிடும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். மிச்சமாவது ஒரு கோப்பைப் பெற்றோல். பெற்றோலை உட்செலுத்தும் எஞ்சின்களில் அந்த மிச்சம்கூட இல்லை. கியரில் இறங்கும்போது அவை பெற்றோலைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன.

இறம்பொடைப் பக்கம் கண்ணாடியைத் திறந்து வைத்தால் சில பின்னேரங்களில் லைனர் கருகும் மணம் வரும். அது உங்கள் காரிலிருந்து வந்தால், அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வைத்து, அரை மணித்தியாலம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான இரும்பு வெடிக்கும். எங்கள் ஊரில் புதுக் காருக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். வைக்கட்டும், அதில் எங்களுக்கு வாதமில்லை. டிக்கியில் ஒரு நல்ல கட்டையும் கிடக்கட்டும்.

இப்போது கொஞ்சம் கனமான பேச்சு. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையின் இறக்கத்தில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த மாணவர்களின் பஸ் ஒரு வானோடும் முச்சக்கரவண்டியோடும் மோதியது. அவற்றில் இருந்த ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே 11, வெசாக்குக்கு முதல் நாள் விடியற்காலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் நம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்தது. உள்ளே எழுபதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று காலை உங்களில் எத்தனை பேர் வெளிநாட்டிலிருந்து, “எங்கட ஆக்கள் யாராவது?” என்று அழைத்தீர்கள் என்பது எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த விபத்துகளுக்குக் காரணம் சொல்ல நாங்கள் வரவில்லை, அது விசாரித்தவர்களின் வேலை. அந்தப் பாதைகளில்தான் நம் பிள்ளைகள் ரியூஷனுக்குப் போகிறார்கள் என்பதால் சொல்கிறோம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு, மண் சரிந்த இடங்களில் தாரின்மேல் கல்லும் சேறும் கிடப்பதையும் பார்த்திருப்பீர்கள். அங்கே மேலே போட்ட 0.4 என்ற கணக்குகூடத் தாராளம்.

விபத்துப் பிரிவில் எங்கள் காதில் அடிக்கடி விழும் வாக்கியம், “பிரேக்கு புடிக்கலங்க” என்பது. சொல்பவர் பொய் சொல்வதில்லை. ஆனால் விசாரித்துக்கொண்டு போனால், பெடல் இரண்டு கிழமையாகவே மெத்தென்று இருந்ததாம், பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்ததாம், ஹான்ட்பிரேக் கடைசிப் பல் வரை ஏறியதாம். நெஞ்சு வலியோடு வருபவரும் இப்படித்தான். ‘திடீரென்று’ என்பார். மனைவியைக் கேட்டால் மூன்று மாதமாகப் படியேற மூச்சு வாங்கியது என்பார்.

எங்கள் கதையும் வேறல்ல. கானில் விழுந்த காரை எடுத்துக்கொண்டு ஒரு கராஜுக்குப் போனோம். பெயர் வேண்டாம். போன மாதம்தான் அங்கே சர்வீஸ் செய்திருந்தோம். பிரேக் ஒயில் மாற்றினீர்களா என்று அப்போது கேட்டதற்கு, “எல்லாம் ஓகே மேடம், நீங்க பயப்படாதீங்க” என்றார் பாஸ். மூடியைத் திறந்து பார்த்தால் கோப்பி நிறத்தில் இருந்தது. பயப்படாதீங்க என்ற சொல் எங்களைக் கேள்வி கேட்க விடாமல் செய்துவிட்டது. வாட்டில் நோயாளிகளிடம் நாங்களும் அதே சொல்லை அதே தொனியில் சொல்லியிருக்கிறோம் என்பது அன்றுதான் சுட்டது.

பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டொட் 4 வகைக்கு அது 230உம் 155உம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஒயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். பெடலை மிதித்தால் குமிழிதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். முத்திரை உடைக்காத போத்தல் உங்கள் முன்னால் திறக்கப்படட்டும். பழைய பேட்டைக் கையில் கேட்டு வாங்குங்கள். வேலைக்காரர் முகம் சுளித்தால் வேறு கராஜ் தேடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் இறப்பர் கிழடு தட்டியிருக்கலாம், வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எந்த பிரேக்கும் கடைசியில் காரை நிறுத்துவது டயர் வழியாகத்தான். காசு இருப்பது ஒன்றுக்குத்தான் என்றால் சீட் உறையை விட்டுவிட்டு டயரை வாங்குங்கள். மொரிஸ் மைனர் வைத்திருக்கும் அக்காவுக்குத் தனியாக ஒன்று. உங்கள் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழி. எங்காவது ஒரு துளி கசிந்தாலும் எல்லாமே போய்விடும். நிறுத்திய இடத்தில் தரை நனைந்திருக்கிறதா என்று தினமும் குனிந்து பாருங்கள். முழங்கால் வலிக்கும் அது நல்லது.

உங்கள் காரில் ஏ.பி.எஸ். இருக்கிறதா என்று தெரியாதவர்களும் இருக்கலாம். சாவியைத் திருப்பும்போது மஞ்சள் நிறத்தில் அந்த எழுத்துகள் எரிந்து சில செக்கனில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் அது வேலை செய்யவில்லை. எழுத்து இருந்தும் எரியவே இல்லை என்றால், விற்றவர் பல்பைக் கழற்றியிருக்கக்கூடும். இருக்கிறவர்கள் சந்தோஷப்படுங்கள், ஆனால் அளவோடு. 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு வாடகைக் கார் நிறுவனத்தின் வண்டிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஏ.பி.எஸ். பூட்டிக் கவனித்தார்கள். விபத்துகள் குறையவில்லை. ஏ.பி.எஸ். உள்ள வண்டியை ஓட்டியவர்கள் அந்தத் தைரியத்தில் துணிந்து ஓட்டியிருந்தார்கள். சல்லிக்கல் பாதையில் ஏ.பி.எஸ். நிறுத்தும் தூரத்தைக் கூட்டவும் செய்யும். தோட்டத்துப் பாதை நமக்குச் சல்லிக்கல்தானே.

அப்படியும் ஒரு நாள் குறுக்கே மாடு வரும், மரம் விழும். அப்போது? பெடலைக் குத்தாமல், ஆனால் தயங்காமல், இறுக்கிக்கொண்டே போங்கள். டயர் பூட்டப்போகும்போது அடியில் ஒரு நடுக்கம் வரும், ஸ்டியரிங் இலேசாகிவிடும். அந்த இடத்தில் காலைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். பதற்றத்தில் முழுக்க மிதித்துப் பூட்டிவிட்டால், திருப்ப வேண்டுமானால் பிரேக்கை விட்டே ஆக வேண்டும். விடுவதற்குமுன் ஸ்டியரிங்கை அளவான இடத்துக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் எங்களைப்போல் பாதையைக் குறுக்கே பாய்வீர்கள். விடுவதுதான் மிகக் கஷ்டம். மோதப்போகிறோம் என்று தெரியும்போது பிரேக்கிலிருந்து காலை எடு என்றால் உடம்பு கேட்காது. பழகியிருந்தால் மட்டுமே கேட்கும்.

பிரேக் முழுக்கவே போனால் பெடலை வேகமாகக் குத்திக்குத்திப் பாருங்கள், சில சமயம் அழுத்தம் திரும்பும். கியரை ஒவ்வொன்றாகக் கீழே இறக்குங்கள். ஹான்ட்பிரேக்கைப் பொத்தானை அமுக்கியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக் கார் சுழன்றுவிடும். எஞ்சினை அணைக்க வேண்டாம். ஒன்றும் சரிவராவிட்டால் மலைப்பக்கம். கான், மண்திட்டு, தேயிலைச் செடி எதுவானாலும் பள்ளப்பக்கத்தைவிட மேல். கார் நசுங்கும், போகட்டும். எல்லோரும் பெல்ட் போட்டிருந்தால் நீங்கள் எங்களிடம் வரும்போது நாடித் தையலோடு முடியும். பின்சீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு முன்சீட்டில் இருப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் காட்சியைப் பற்றி இந்த மேடையில் விபரிக்க எங்களால் முடியாது.

இதெல்லாம் பேச்சில் வராது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் அதிபரிடம் ஓர் அனுமதி கேட்டோம், அவரும் தந்துவிட்டார். கீழ் மைதானத்தில் நேற்றைய மழை இன்னும் காயவில்லை. பிள்ளைகள் யாரையும் அந்தப் பக்கம் விடவேண்டாம் என்று மாணவத் தலைவிகளிடம் சொல்லியாயிற்று. தேத்தண்ணி முடிந்ததும் சன்னி அங்கே நிற்கும். மணிக்கு இருபதில் போய், பூட்டும்வரை மிதித்து, சறுக்குவது எப்படி இருக்கும் என்று ஒருமுறை உணர்ந்துபாருங்கள். பிறகு காலை விட்டுத் திருப்பிப் பாருங்கள். ஒரு தடவைக்கு மூன்று பேர், பெல்ட் கட்டாயம். சேலை கட்டியவர்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், குதியுயர்ந்த செருப்பை மேடையடியில் கழற்றிவிட்டு வாருங்கள். நாடியில் தழும்புள்ள தோழிதான் பெயர் பதிகிறார். முதல் பெயர் பௌதிகவியல் மிஸ்ஸுடையது.